ஓடும் குவார்ட்டர்பேக் பட்டம் வெல்வாரா?

பந்தைப் பிறருக்கு எறிந்தோ கையளித்தோ ஆட்டத்தை நடத்த வேண்டிய குவார்ட்டர்பேக், அதைத் தானே தூக்கிக்கொண்டு ஓடுவதை வழக்கமாக்கிக்கொண்டால், அவரை நம்பி ஓர் அணி சாம்பியன் பட்டத்தை வெல்ல முடியுமா என்ற கேள்வி அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டுவருகிறது. முடியாது என்பதே பயிற்சியாளர்களிடமும் விமர்சகர்களிடமும் நெடுங்காலம் வேரூன்றியிருந்த எண்ணம். அது பிழை என்பதை ஆட்டத்தின் வரலாறு பலமுறை காட்டிவிட்டபோதும், அதை மறுப்பவர்கள் பெரும்பாலும் ஓடிய தூரத்தின் புள்ளிவிவரங்களை அடுக்கியே மறுக்கின்றனர். ஓடும் குவார்ட்டர்பேக்கின் மதிப்பை அந்தத் தூரத்தைக்கொண்டு அளப்பது போதாது. அவர் ஓடக்கூடும் என்ற அச்சத்தால் எதிரணி தன் ஆட்களை எங்கெங்கே நிறுத்த நேர்கிறது, அதனால் எந்தெந்த இடம் காலியாகிறது, அந்தக் காலி இடத்துக்குப் பந்தை எறியும் கைத்திறன் அவருக்கு உண்டா என்பவற்றைக்கொண்டே அதை அளக்க வேண்டும்.

ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் இந்த வாதம் விளங்கும். ஒவ்வோர் அணியிலும் பதினொரு பேர் களத்தில் இருப்பார்கள். பந்தை வைத்திருக்கும் அணிக்குப் பத்துக் கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் தரப்படுகின்றன. ஒவ்வொரு வாய்ப்புக்கும் 'டவுன்' என்று பெயர். எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்துடன் கடந்தால் கிடைக்கும் ஆறு புள்ளிகள் 'டச் டவுன்' எனப்படும். ஒவ்வொரு டவுனும் நடுவில் நிற்பவர் பந்தைத் தன் கால்களுக்கிடையே பின்னோக்கித் தள்ளுவதில் தொடங்க, அதைப் பெற்றுக்கொள்ளும் குவார்ட்டர்பேக் முன்னால் ஓடும் சகவீரர் ஒருவருக்கு எறியலாம், அருகிலிருக்கும் 'ரன்னிங் பேக்' என்ற ஓட்டக்காரரிடம் கொடுக்கலாம், அல்லது தானே ஓடலாம். எறிவதற்காக அவர் பின்வாங்கி நிற்கும்போது, அவருடைய முன்வரிசைக் காவலர்கள் எதிரணியினரை மறித்து அவரைச் சுற்றி உருவாக்கும் சிறு அரணைப் 'பாக்கெட்' என்பார்கள். அந்த அரணுக்குள் அசையாமல் நின்று, இரண்டு மூன்று நொடிகளில் களம் முழுவதையும் படித்து, பந்தைத் துல்லியமாக எறிபவரே இலட்சியக் குவார்ட்டர்பேக் என்று பல தலைமுறைகளாகப் போதிக்கப்பட்டுவந்தது. ஜானி யூனிடாஸ், டான் மரினோ, பேட்டன் மானிங், ஏழு முறை பட்டம் வென்ற டாம் பிரேடி என அந்த இலக்கணத்தின் சான்றுகள் வலுவானவை என்பதால், அதை மீறியவர்கள்மீது ஐயம் எழுந்தது இயல்பே.

அந்த ஐயத்துக்கு முதலில் ஆளானவர்களுள் முக்கியமானவர் 1961இல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியில் சேர்ந்த ஃபிரான் டார்கென்டன். அரண் உடைந்ததும் பக்கவாட்டிலும் பின்னாலும் ஓடி, எதிரணியினரைக் களைக்கவைத்து, கடைசி நொடியில் எறிவது அவர் பாணி. திட்டமிடாமல் இப்படித் தப்பி ஓடுவதை 'ஸ்கிராம்பிள்' என்பார்கள். பதினெட்டுப் பருவங்கள் ஆடிய அவர், 1978 பருவத்தோடு ஓய்வுபெற்றபோது எறிந்த தூரத்திலும் (47,003 கெஜம்), எறிந்து பெற்ற டச் டவுன்களிலும் (342) லீகின் சாதனையாளராக இருந்தார். ஆயினும் மூன்று சூப்பர் பௌல் இறுதியாட்டங்களிலும் அவருடைய அணி தோற்றதால், ஓடுபவரால் பட்டம் வெல்ல முடியாது என்ற முடிவுக்கு அவரே உதாரணமாக்கப்பட்டார். அதே காலத்தில், தப்பி ஓடுவதில் பெயர்பெற்ற ரோஜர் ஸ்டாபாக் டல்லஸ் கௌபாய்ஸ் அணிக்கு இரண்டு பட்டங்களை வென்று தந்ததை அந்த வாதம் வசதியாக மறந்துவிட்டது.

அந்த முடிவின் அடியில் இருந்த இனப்பாகுபாட்டைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. குவார்ட்டர்பேக் பொறுப்புக்கு அறிவும் தலைமைப் பண்பும் வேண்டும் என்று சொல்லியே கறுப்பின வீரர்கள் அதிலிருந்து நெடுங்காலம் விலக்கப்பட்டனர். அவர்களுடைய வேகம் புகழப்பட்டது. ஆனால் அந்தப் புகழ்ச்சியே அவர்களை வேறு இடத்தில் ஆடவைப்பதற்கான காரணமாகவும் ஆனது. 1968இல் டென்வர் அணிக்காகப் புதுமுகமாக ஆடிய மார்லின் பிரிஸ்கோ 14 டச் டவுன் எறிதல்களைத் தந்தபின்னும் அடுத்த ஆண்டே விலக்கப்பட்டு, பஃபலோ அணியில் பந்தைப் பிடிப்பவராக மாற நேர்ந்தது. வாரன் மூன், கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' நிகழ்வில் 1978இல் எவராலும் தேர்ந்தெடுக்கப்படாமல் கனடாவுக்குச் சென்று, எட்மண்டன் அணியுடன் ஐந்து கோப்பைகளை வென்று திரும்பினார். மூன் அடிப்படையில் அரணுக்குள் நின்று எறிபவர் என்பதைக் கருதினால், 'ஓடுபவர்' என்ற முத்திரை எவ்வளவு தூரம் ஆட்டத்தைப் பற்றியது, எவ்வளவு தூரம் நிறத்தைப் பற்றியது என்ற கேள்வி எழாமல் போகாது. 2018 டிராஃப்டில் லமார் ஜாக்சன் நான்கு குவார்ட்டர்பேக்குகளுக்குப் பின்னால், 32ஆவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதும், அவர் பந்தைப் பிடிப்பவராக மாறிவிடுவதே நல்லது என்ற அறிவுரை வெளிப்படையாகவே சொல்லப்பட்டது.

இனி, ஓடும் குவார்ட்டர்பேக்கால் களத்தில் ஆட்களின் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்ற கணக்குக்கு வரலாம். வழக்கமான ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். பந்தை ஏந்தியவரும் ஒதுங்கியவரும் எவரையும் மறிப்பதில்லை என்பதால், எஞ்சிய ஒன்பது பேர் எதிரணியின் பதினொரு பேரைச் சமாளிக்க வேண்டும். எப்படி அடுக்கினாலும் தற்காப்பு அணிக்கு இரண்டு ஆட்கள் மிச்சம். குவார்ட்டர்பேக்கே ஓடினால், ஓட்டக்காரரும் மறிப்பவராக மாறிவிடுவதால், அந்த மிச்சம் ஒன்றாகக் குறைகிறது. 'ஸோன் ரீட்' எனப்படும் உத்தி அந்த ஒருவரையும் செயலிழக்கச் செய்கிறது. அதில் தற்காப்பு அணியின் ஓரத்தில் நிற்பவரை எவரும் மறிக்காமல் வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரரின் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடி, அந்த ஓரக்காரரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கிறார். தோள் உள்நோக்கித் திரும்பி ஓட்டக்காரரைத் துரத்தத் தொடங்கினால், பந்தை உருவிக்கொண்டு அவர் விட்டுச்சென்ற இடத்தின் வழியே ஓடுகிறார். ஓரக்காரர் அசையாமல் நின்றால், பந்தை விட்டுவிடுகிறார். அரை நொடியில் நடந்து முடியும் இந்தத் தீர்மானத்தில், மறிக்கப்படாத ஒருவர் எதைச் செய்தாலும் தவறாகிவிடுகிறது.

எறிதலிலும் இதன் விளைவு உண்டு. தற்காப்பு வீரர்கள் ஆளுக்கொருவரைப் பின்தொடர்ந்து ஓடினால், அவர்களுடைய முதுகு குவார்ட்டர்பேக்கின் பக்கம் திரும்பிவிடும். அப்போது அவர் ஓடினால் பதினைந்து கெஜம் வரை தடுக்க ஆளிருக்காது. ஆகவே, வேகமாக ஓடக்கூடியவருக்கு எதிராகப் பல அணிகள் ஆளைப் பின்தொடராமல் இடத்தைக் காக்கும் முறைக்கு மாறுகின்றன, அல்லது அவரைக் கண்காணிப்பதற்கென்றே ஒருவரை நிறுத்துகின்றன. முதல் வழியில் காவல் இடங்களுக்கிடையே இடைவெளிகள் தோன்றுகின்றன. இரண்டாவது வழியில் எறிதலைத் தடுப்பதற்கு ஓர் ஆள் குறைகிறார். இவ்விரண்டும் எறியத் தெரிந்தவருக்கு மட்டுமே பயன்படும் பரிசுகள். பாபி டக்ளஸ் 1972இல் சிகாகோ பேர்ஸ் அணிக்காக 14 ஆட்டங்களில் 968 கெஜம் ஓடியும், எறிந்தவற்றில் பத்துக்கு நான்குகூடச் சகவீரர்களின் கையைச் சேராததால், அந்தப் பருவத்தில் அணிக்குக் கிடைத்தவை நான்கு வெற்றிகளே. அரை நூற்றாண்டுக்குப் பின், 2022இல், அதே சிகாகோவின் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் 1,143 கெஜம் ஓடினார். ஆனால் எறிய வேண்டிய நேரத்தில் பந்தை வைத்துக்கொண்டிருந்து 55 முறை எதிரணியினரிடம் அகப்பட்டார். 3 வெற்றி, 14 தோல்வி என்று அணி லீகின் கடைசி இடத்தில் முடித்தது. மைக்கேல் விக், 2006இல் ஒரே பருவத்தில் ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஓடிய முதல் குவார்ட்டர்பேக் ஆனபோதும், அவருடைய எறிதல்களில் பாதிக்குச் சற்றே மேல்தான் கைசேர்ந்தன. அட்லாண்டா அணி வென்றதைவிடத் தோற்றதே அதிகம்.

மறுபக்கத்தில் ஸ்டீவ் யங் நிற்கிறார். சான் பிரான்சிஸ்கோ அணியின் இந்த இடக்கைக்காரர் தன் வாழ்நாளில் 4,239 கெஜம் ஓடியவர் என்பது உண்மையாயினும், 1995 ஜனவரியில் சான் டியேகோ அணியை 49-26 என்று வீழ்த்திய சூப்பர் பௌலில் அவர் எறிந்தவை ஆறு டச் டவுன்கள் என்பதே அவரைப் பற்றி முதலில் சொல்லப்பட வேண்டியது. ஆரம்ப ஆண்டுகளில் முதல் தேர்வு கண்ணில் படவில்லையென்றால் உடனே ஓடிவிடும் பழக்கம் உடைய அவர், ஜோ மாண்டானாவின் நிழலில் காத்திருந்த காலத்தில் இரண்டாவது, மூன்றாவது தேர்வுகள் வரை பொறுத்திருந்து பார்க்கக் கற்றுக்கொண்டார். அந்தப் பொறுமையைக் கற்பதற்கு அவருக்குக் கிடைத்த ஆண்டுகள் இன்றைய இளம் வீரர்கள் பலருக்கு வாய்ப்பதில்லை.

காயம் பற்றிய வாதம் தனியாகப் பேசப்பட வேண்டியது, ஏனெனில் ஓடுபவர்களுக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுள் பொதுமக்கள் மிக எளிதாக ஏற்றுக்கொள்வது அதுவே. 2012 பருவத்தில் வாஷிங்டன் அணியின் புதுமுகமாக 815 கெஜம் ஓடி நாட்டையே கவர்ந்த ராபர்ட் கிரிஃபினின் கதி அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் அந்த நிகழ்வு உற்றுநோக்கத் தக்கது. டிசம்பரில் ஓடும்போது முழங்காலில் அடிபட்ட அவர், 2013 ஜனவரியில் சியாட்டில் அணிக்கு எதிரான நாக் அவுட் ஆட்டத்தில் காப்புப் பட்டை அணிந்து, பார்வையாளர் அனைவருக்கும் தெரியும்படி நொண்டிக்கொண்டே களத்தில் நிறுத்திவைக்கப்பட்டார். கடைசிப் பகுதியில், தவறாக வந்த பந்தை எடுக்க முனைந்தபோது முழங்கால் மடங்கி விழுந்தார். அவரை வீழ்த்தியது ஓட்டம் என்று சொல்வதைவிட, அடிபட்டவரை ஓய்வுக்கு அனுப்பாத முடிவு என்று சொல்வதே பொருந்தும்.

அரணுக்குள் நிற்பது பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் ஆராயாமல் ஏற்கப்பட்டதே. டாம் பிரேடி 2008 பருவத்தின் முதல் ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்தபோதும், 2020இல் ஜோ பரோ அதே போன்ற காயம் அடைந்தபோதும், ஆரன் ராட்ஜர்ஸ் 2023இல் புதிய அணிக்காக ஆடிய நான்காவது டவுனிலேயே குதிகால் நாண் அறுந்து உட்கார்ந்தபோதும் அவர்கள் தொலைதூரம் ஓடிக்கொண்டிருக்கவில்லை; அரணுக்குள்ளோ அதன் விளிம்பிலோ இருந்தார்கள். ஓடுபவர்களுள் முதன்மையானவரான ராண்டல் கன்னிங்ஹாமின் 1991 பருவம் முடிந்ததும் அரணுக்குள் எறியும்போது காலில் விழுந்த அடியால்தான். எறிபவரின் கண்கள் தொலைவில் இருக்கும், எடை முழுவதும் ஒரு காலில் ஊன்றியிருக்கும், பக்கத்திலிருந்து வருபவர் தெரியமாட்டார். ஓடுபவரோ எதிரே வருபவரைப் பார்க்கிறார். கால்களை முன்னே நீட்டிச் சறுக்கி உட்கார்ந்தால் அவர்மீது மோதக்கூடாது என்று விதி காக்கிறது. பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டி வெளியேறவும் முடியும்.

என்றாலும் முழு உண்மை அத்தோடு முடிவதில்லை. 1.96 மீட்டர் உயரமும் 110 கிலோவுக்கு மேல் எடையும் கொண்ட கேம் நியூட்டன், கரோலைனா அணிக்காக எல்லைக் கோட்டருகே ஒவ்வொரு முறையும் தன் உடலையே ஆயுதமாக்கினார். 2015இல் 35 டச் டவுன்களை எறிந்தும் 10ஐ ஓடியும் பெற்று, பருவத்தின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை வென்று, அணியைச் சூப்பர் பௌலுக்கு இட்டுச்சென்றார். அதன்பின் தோளில் இருமுறை அறுவைச் சிகிச்சை, பாதத்தில் காயம் என்று தொடர்ந்து, 2020இல், முப்பதே வயதில், அந்த அணி அவரை விடுவித்தது. சறுக்கி உட்காரும் ஓட்டமும் மோதிப் பெறும் ஓட்டமும் உடலிடம் கேட்கும் விலை ஒன்றல்ல என்பதைப் பயிற்சியாளர்கள் அவரிடமிருந்தே கற்றார்கள் என்பது வருந்தத்தக்க செய்தி.

லமார் ஜாக்சனின் வாழ்க்கை இந்த விவாதம் முழுவதையும் தன்னுள் அடக்கியிருக்கிறது. 2019இல் அவர் 1,206 கெஜம் ஓடி விக்கின் சாதனையை முறியடித்தார். அத்துடன் 36 டச் டவுன்களை எறிந்தார். வாக்களித்த அனைவரும் மிக மதிப்புமிக்க வீரராக அவரையே தேர்ந்தெடுத்தனர். பால்டிமோர் ரேவன்ஸ் அணி அந்த ஆண்டு ஓட்டத்தால் மட்டும் 3,296 கெஜம் கடந்து லீக் வரலாற்றில் முதலிடம் பெற்றது. ஆனால் 2020 ஜனவரியில் டென்னசி அணி முதலிலேயே 14-0 என்று முந்திவிட்டபோது, நேரத்தைத் துரத்த வேண்டிய நெருக்கடியில் ஜாக்சன் 59 முறை எறிய நேர்ந்தது. ஓட்டத்தின் அச்சுறுத்தல் பொருளற்றுப் போக, அணி 28-12 எனத் தோற்றது. அன்று பால்டிமோரைத் தாக்கிப் பிளந்து 195 கெஜம் ஓடியவர் டெரிக் ஹென்றி. அதே ஹென்றி 2024இல் பால்டிமோர் அணிக்கே வந்து சேர்ந்ததும், ஜாக்சன் ஓடும் முறைகள் சற்றுக் குறைந்து, அவருடைய ஓட்டத்தின் ஆபத்து அதிகமாயிற்று. ஹென்றியை மறிக்கக் கூடினால் ஜாக்சன் ஓடுவார், இருவருக்கும் ஆளை நிறுத்தினால் பின்களம் காலியாகும் என்ற நிலையில், அவர் 4,172 கெஜம் எறிந்து, 41 டச் டவுன்களைப் பெற்று, எறிந்தவற்றுள் நான்கை மட்டுமே எதிரணியிடம் பறிகொடுத்தார். ஒரே பருவத்தில் 4,000 கெஜத்துக்கு மேல் எறிந்து 900 கெஜத்துக்கு மேல் ஓடிய முதல் வீரர் அவரே. எறியத் தெரியாதவர் என்று எழுதப்பட்ட ஒருவரைப் பற்றிய கணக்கு இது.

2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலும் அதே கணக்கின் வேறொரு பக்கம். அந்தப் பருவத்தில் 2,005 கெஜம் ஓடியிருந்த சேக்வான் பார்க்லியை அடக்குவதில் கான்சாஸ் சிட்டி அணி முழுமூச்சாக இறங்கி, அவரை 25 முயற்சிகளில் 57 கெஜத்தோடு நிறுத்தியது. அதற்குக் கொடுத்த விலையாக, ஃபிலடெல்ஃபியாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் 72 கெஜம் ஓடினார். 22 எறிதல்களில் 17ஐச் சகவீரர்களிடம் சேர்த்தார். 40-22 என்ற வெற்றியில் ஆட்டத்தின் சிறந்த வீரரானார். இரண்டாண்டுகளுக்கு முன் இதே எதிரணியிடம் மூன்று டச் டவுன்களை ஓடிப் பெற்றும் 38-35 என்று தோற்றவர் அவர். ஓரடி, ஈரடி தேவைப்படும்போது பின்னாலிருந்து சகவீரர்கள் அவரைத் தள்ளிச்செல்லும் உத்தி எந்த அளவுக்கு வெற்றிகரமாக இருந்தது என்றால், அதைத் தடைசெய்யும் தீர்மானம் 2025 மே மாதம் அணி உரிமையாளர்களின் வாக்கெடுப்புக்கு வந்து, தேவையான 24 வாக்குகளுக்கு இரண்டு குறைந்ததால் தோற்றது.

இந்த வெற்றிகளில் பொதுவாகக் காணப்படும் ஒன்று, பாரம் பகிரப்பட்டது என்பதே. பஃபலோ அணியின் ஜாஷ் ஆலன் 2024 பருவத்தின் மிக மதிப்புமிக்க வீரர். எறிவதிலும் இடித்துச் செல்வதிலும் அவருக்கு நிகரானவர் அரிது. ஆயினும் அந்தப் பருவத்தின் அரையிறுதியில் நான்காவது டவுனில் ஓரடிக்காக அவர் முட்டி முன்னேற முயன்றபோது கான்சாஸ் சிட்டி சுவராக நின்றது. ஆட்டம் 32-29 என்று கைநழுவியது. ஆலனும் ஜாக்சனும் 2018இல் ஒரே நாளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 2024 பருவம் வரை இருவருமே சூப்பர் பௌலில் ஆடியதில்லை என்பது அவர்களுடைய திறமையைக் குறைத்துக் காட்டவில்லை, அவர்கள்மீது சுமத்தப்பட்ட எடையைக் காட்டுகிறது.

டென்வர் அணியின் ஜான் எல்வே இளமையில் ஓட்டத்தையும் எறிதலையும் தனியொருவராகச் சுமந்து 1980களின் பருவங்களில் மூன்று முறை இறுதியாட்டத்தை எட்டி, மூன்றிலும் பெரும் புள்ளி வேறுபாட்டில் தோற்றவர். 1998 ஜனவரியில், 37 வயதில், நான்காவது முறையாக அவர் வந்தபோது டெரல் டேவிஸ் என்ற ஓட்டக்காரர் உடனிருந்தார். கிரீன் பே அணியுடன் 17-17 என்று சமநிலையில் இருந்தபோது, மூன்றாவது டவுனில் ஆறு கெஜம் தேவைப்பட, எறிய ஆளின்றி ஓடிய எல்வே, இரண்டு பக்கமும் மோதியவர்களுக்கிடையே காற்றில் சுழன்று எட்டுக் கெஜம் தாண்டி விழுந்தார். அடுத்து டேவிஸ் டச் டவுன் எடுத்தார். டென்வர் 31-24 என்று வென்றது. அன்று எல்வே எறிந்து கடந்த தூரம் வெறும் 123 கெஜம். எறிதலால் ஒரு டச் டவுன்கூட இல்லை. அடுத்த ஆண்டு அவர் மீண்டும் பட்டம் வென்று, அத்துடன் ஓய்வுபெற்றார். ஜாக்சன், ஆலன், ஹர்ட்ஸ் ஆகியோருக்குப் பல கோடி டாலர் ஒப்பந்தங்களை எழுதித் தரும் அணிகள், அதே சம்பள வரம்புக்குள் ஒரு டேவிஸுக்கும் ஒரு பார்க்லிக்கும் இடம் ஒதுக்குமா என்பதே இனி கவனிக்க வேண்டியது.